பிரிட்டனை வல்லரசாக்கிய வட்டி விகிதம்

1690இல் பிரெஞ்சுக் கடற்படை, இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டியே ஆங்கிலேய, டச்சுக் கூட்டுக் கடற்படையைத் தோற்கடித்தது. அப்போது பிரான்சின் மக்கள்தொகை சுமார் 2 கோடி. இங்கிலாந்தில் அதில் கால்பங்குதான் இருக்கும். அப்படியிருந்தும் அடுத்த நூறாண்டில் உலக வல்லரசானது பிரிட்டன். இதற்குப் பீரங்கிகளைவிடப் பெரிய காரணம் வட்டி விகிதம் என்றே நான் நினைக்கிறேன்.

போருக்குப் பணம் உடனே வேண்டும். வரியோ மெதுவாகத்தான் வந்து சேரும். ஆகவே கடன் வாங்க வேண்டும். ஆனால் அரசனை நம்பி யார் கொடுப்பார்கள்? 1672இல் இரண்டாம் சார்லஸ் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்திவிட, லண்டன் வங்கியாளர்கள் சிலர் நொடித்தே போனார்கள்.

அரசரையே மாற்றிய 1688 புரட்சிக்குப் பிறகு நிலைமை மாறியது. வரி போடுவதும் செலவைக் கண்காணிப்பதும் நாடாளுமன்றத்தின் கைக்கு வந்தன. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பலரே அரசுக்குக் கடன் கொடுத்தவர்கள். அரசு ஏமாற்றினால் போவது அவர்கள் பணம்தானே! 1694இல் தொடங்கிய பாங்க் ஆஃப் இங்கிலாந்து, அரசுக்கு 12 லட்சம் பவுண்டை 8 சதவீத வட்டிக்குக் கொடுத்தது. வட்டி தவறாமல் வந்ததால் நம்பிக்கை வளர்ந்தது. 1750களில் அரசு 3 சதவீதத்துக்கே கடன் வாங்கியது. வட்டி பாதியானால், அதே வரிப்பணத்தை வைத்து இரண்டு மடங்கு கடன் வாங்கலாம். இரண்டு மடங்கு கப்பல் கட்டலாம். அந்த வட்டியைக் கட்டியவர்கள் பெரும்பாலும் பீருக்கும் உப்புக்கும் கலால் வரி கொடுத்த சாதாரண மக்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இதன் விளைவைத் தமிழ் மண்ணிலேயே பார்க்கலாம். பிரெஞ்சுத் தளபதி லாலி 1758இல் பணத்துக்காகவே தஞ்சாவூர்மீது படையெடுத்தார், எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. அப்புறம் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் பின்வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில், சம்பளம் வராத அவருடைய ஐரோப்பியப் படைவீரர்கள் கலகம் செய்தார்கள். அந்த 1759இல்தான் பாரிசில் பிரெஞ்சு அரசும் தன் கடன்களில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதை நிறுத்தியது. 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் லாலி தோற்றார். மறு ஆண்டு புதுச்சேரியும் விழுந்தது. ஆங்கிலேயருக்கு வங்காளத்தின் பணமும் கைகொடுத்தது உண்மைதான். ஆனால் கடல் வழியை அவர்களுக்குத் திறந்து வைத்த கடற்படை, கடனில் வளர்ந்த படை.

இந்தக் கடன் இயந்திரம் பின்னோக்கியும் ஓடும். இரண்டு உலகப் போர்களில் பிரிட்டன் அமெரிக்காவின் கடனாளியானது. 1956இல் பிரான்சோடும் இஸ்ரேலோடும் சேர்ந்து சூயஸ் கால்வாயைப் பிடிக்க எகிப்துக்குள் இறங்கியது. நாணயச் சந்தையில் பவுண்டை விற்றுத் தள்ளத் தொடங்கினார்கள், பிரிட்டனின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்தது. படைகளைத் திரும்பப் பெறாமல் பன்னாட்டு நிதியத்திலிருந்து உதவி கிடைக்க விடமாட்டோம் என்று அமெரிக்கா அழுத்தியது. போர்க்களத்தில் தோற்காத பிரிட்டிஷ் படைகள், டிசம்பர் முடிவதற்குள் எகிப்தைவிட்டு வெளியேறின.