மூன்று மாதம் முடியும் முன் எழுத்தில் கொடுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் ஓர் அரசு அலுவலகத்தில் தினக்கூலிக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்த பெண் ஒருவர் அங்கே தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லை பற்றி எழுதிய நான்கு பக்கப் புகார் ஒன்றை என்னிடம் காட்டினார். கைப்பையிலேயே கிடந்து மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. சீல் இல்லை, தேதியும் இல்லை. அலுவலகத் தலைவரிடம் நீட்டியபோது, "எழுத்துல எதுக்கும்மா? நான் அவரைக் கூப்பிட்டுச் சொல்லியாச்சுல்லா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதை நம்பி இருந்துவிட்டார். ஐந்தாவது மாதம் அந்தப் பெண்ணையே வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதன் பிறகு புகார் கொடுக்கப் போனால், "நாள் கடந்துபோச்சே" என்ற பதில்தான் கிடைத்தது.

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தொல்லை தொடர்ந்தால், கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால், புகாரை விசாரிக்கும் குழு மேலும் 3 மாதம் வரை தரலாம். அந்தப் பெண்ணுக்கும் இந்த வழி இருந்தது. கேட்டிருக்கலாம். அப்படி ஒன்று இருப்பதை அங்கே ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. தாமதமாகிவிட்டதென்றால் காரணத்தை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

"நீ ஏஜென்சி ஆள், எங்க ஸ்டாஃப் இல்ல" என்பார்கள். நம்பாதீர்கள். தினக்கூலி, தற்காலிகம், ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர், சம்பளமே இல்லாமல் பயிற்சிக்கு வந்தவர் என எல்லோரையும் இந்தச் சட்டம் ஊழியராகவே எடுத்துக்கொள்கிறது.

யாரிடம் கொடுப்பது என்பதில்தான் அதிகம் அலையவிடுகிறார்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். குழு அமைத்த ஆணையை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் குழுவில் இருக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவான அலுவலகம் என்றாலோ, புகாரே அலுவலகத் தலைவர் மீது என்றாலோ, மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போங்கள். நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மாவட்ட சமூக நல அலுவலரைக் கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் மட்டும் மனுவைக் கொடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். அது "தக்க நடவடிக்கைக்கு" என்ற குறிப்போடு உங்கள் அலுவலகத்துக்கே திரும்பி வரும். யார் மீது புகாரோ, அவருடைய மேஜைக்கே வந்து சேர்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

புகார் 6 பிரதி வேண்டும். சாட்சிகளின் பெயர், முகவரியையும் சேருங்கள். கூடுதலாக ஒரு பிரதியில் சீலும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். சமரசம் பேச வேண்டுமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள் மட்டும்தான். பணம் கொடுத்து முடித்துவைக்கச் சட்டத்தில் இடமே இல்லை.

அப்புறம் இடமாற்றம். "உன் பாதுகாப்புக்குத்தான்" என்று களியக்காவிளையில் இருப்பவரை மாவட்டத்தின் மறுமுனையில் உள்ள ஆரல்வாய்மொழிக்குத் தூக்கி அடிப்பார்கள். விசாரணைக் காலத்தில், யார் மீது புகாரோ அந்த ஆளை மாற்றும்படி நீங்களே எழுதிக் கேட்கலாம். உங்களுக்கு 3 மாதம் வரை தனி விடுப்பும் கேட்கலாம். நீங்கள் எழுத்தில் கேட்டால்தான் குழு இதையெல்லாம் பரிந்துரைக்க முடியும்.

ஊழலை வெளியே சொன்னவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் 2014 இல் நிறைவேறியது, ஆனால் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அதை நம்பி யாரும் துணிந்து இறங்கிவிட வேண்டாம். தபால், ரயில்வே போன்ற மத்திய அரசு ஊழியர்கள் தகவல் தருபவரின் பெயரை வெளியிடாமல் காக்கும் 2004 ஆம் ஆண்டு மத்திய அரசுத் தீர்மானப்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். பெயரையும் முகவரியையும் உள்ளே கடிதத்தில் எழுதுங்கள், உறையின் மேல் எழுத வேண்டாம். மாநில அரசு ஊழியருக்கு இந்த வழி கிடையாது. லஞ்ச ஒழிப்புத்துறையில் புகார் கொடுத்தால் அதற்கான ஒப்புகையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமே 17 பி மெமோ (பெரிய தண்டனை தரக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை) வந்தால், புகார் முந்தியது, மெமோ பிந்தியது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் காட்ட அந்தத் தேதிதான் உதவும். கோபத்தில் மெமோவைக் கிழித்துப் போடவோ வாங்க மறுக்கவோ செய்யாதீர்கள். சொன்ன நாளுக்குள் பதில் போய்ச் சேர வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்று நிறுத்த வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 க்குப் போன் செய்யுங்கள். போகும்போது அந்த சீல் போட்ட பிரதியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.