30 மீட்டர் என்று எழுதியிருந்தால் நீந்தலாமா?

பழுதுபார்க்க வரும் கைக்கடிகாரங்களின் பின்மூடியைத் திறந்தால், சிங்கப்பூரில் நான் அடிக்கடி பார்ப்பது துருவைத்தான். கண்ணாடிக்குள் ஆவி படிந்து, முள் நின்ற பிறகே கொண்டுவருகிறார்கள். "30 மீட்டர் என்று போட்டிருக்கிறதே, அண்ணே? குளத்தில் இறங்கினால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

அது நீங்கள் இறங்கக்கூடிய ஆழம் அல்ல. புதுக் கடிகாரத்தை அசையாமல் வைத்து, 3 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் கொடுத்துச் சோதித்ததற்கான குறி. மழைத்தூறல், கைகழுவும்போது தெறிக்கும் நீர் ஆகியவற்றைத் தாங்கும், அவ்வளவே. நீந்துகிறவர்கள் 100 மீட்டர் குறியுள்ளதை வாங்குங்கள். ஆழ்கடலில் மூழ்குவோருக்கு ஐஎஸ்ஓ 6425 என்று தனித் தரநிலையே இருக்கிறது. எந்தக் கடிகாரமானாலும் வெந்நீரில் குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். நீரைத் தடுக்கும் ரப்பர் வளையம் சூட்டிலும் சோப்பிலும் சீக்கிரம் கெடுகிறது. சாதாரணமாகவே அது சில ஆண்டுகளில் இறுகிப்போகும். ஆகவே பேட்டரி மாற்றும்போது வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான்.

தோல்வார் அழகுதான், ஆனால் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் வியர்வை ஊறி நாற்றமெடுக்கும். குளிர்சாதன அலுவலகத்துக்கு அது சரி. வெளியில் அலைகிறவர்களுக்கு ரப்பர் அல்லது நைலான் வார் நல்லது. உலோகம் பட்டு மணிக்கட்டு அரித்தால் காரணம் பெரும்பாலும் நிக்கல், டைட்டானியம் பாருங்கள். கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் வேலை செய்யும் தம்பிகளே, சுழலும் இயந்திரத்துக்கும் மின்கம்பிக்கும் அருகில் கடிகாரமே வேண்டாம். உலோகப் பட்டை கையையே இழுத்துவிடும்.

முதல் சம்பளத்தில் ஆட்டோமேட்டிக், அதாவது கையசைவில் தானே சாவி ஏறும் இயந்திரக் கடிகாரம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும்; அது மாதத்துக்குச் சுமார் 15 விநாடிதான் பிசகும். காஸ்க் (கடிகாரத் துல்லியத்தைச் சோதிக்கும் சுவிஸ் அமைப்பு) சான்றிதழ் பெற்ற இயந்திரக் கடிகாரத்துக்கோ நாளுக்கு நான்கு விநாடி பிந்தவும் ஆறு விநாடி முந்தவும் அனுமதி உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வீஸ் செலவும் வரும். அந்த நுட்பத்தின் மீது காதல் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். நேரம் மட்டும் போதுமென்றால் குவார்ட்ஸ் போதும்.

அளவுக்கு ஒரே சோதனை: வார் பொருந்தும் இரு முனைகளும் மணிக்கட்டைத் தாண்டி நீட்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் ஊரிலிருக்கும் அப்பாவுக்கு வாங்குகிறவர்கள், பெரிய எண்களும் வெள்ளை முகப்பும் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அந்த நிறுவனத்துக்கு அவர் ஊர்ப் பக்கம் சர்வீஸ் மையம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 2012 முதல் இங்கு நடப்பிலுள்ள விதிப்படி, ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. அதனால் ரசீதையும் பெட்டியோடு ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள், உங்களிடமே இருக்கட்டும்.