மறுமுனையில் இருப்பது யார் என்று உங்கள் ஸ்கிரிப்டுக்குத் தெரியுமா?

சிறு, நடுத்தர நிறுவனங்களின் சர்வர்களைப் பராமரிப்பது என் தொழில். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளின் கோப்பு, ஒன்று இருக்கும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அன்றைய அறிக்கைகளையும், தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்குக் கோப்புகளையும், பள்ளியில் மாணவர் விவரங்களையும் அது வேறொரு சர்வருக்கு அனுப்பிவைக்கும். "எல்லாம் எஸ்எஸ்எச் வழியாகத்தான் போகிறது, பயமில்லை" என்பார்கள். இரு கணினிகளுக்கிடையே குறியாக்கம் செய்த இணைப்பைத் தரும் முறை அது. ஸ்கிரிப்டைத் திறந்தால் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படுகிறது: மறுமுனைச் சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்கச் சொல்லும் ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங் என்ற அமைப்புக்கு எதிரே 'நோ'. அந்த ஒரு வரி போதும், பயப்பட.

கோப்புகளை அனுப்பும் பழைய எஃப்டிபி முறை 1971இல் பிறந்தது. எம்ஐடியில் படித்துக்கொண்டிருந்த, கான்பூர் ஐஐடியின் முன்னாள் மாணவர் அபய் பூஷண் அதன் முதல் வரையறையை எழுதினார். ஒருவரையொருவர் அறிந்த சில ஆய்வுக்கூடங்களே இணைந்திருந்த காலம் அது. கடவுச்சொல் வெளிப்படையாகப் போனதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களைத் திருடினார்கள். அதற்கு விடையாக அங்கிருந்த ஆய்வாளர் டாட்டு யுலோனன் எழுதியதுதான் எஸ்எஸ்எச். இன்று நாம் பயன்படுத்தும் எஸ்எஃப்டிபி, எஸ்சிபி, ஆர்சிங்க் ஆகிய கோப்புப் பரிமாற்றங்கள் பெரும்பாலும் அந்தச் சுரங்கவழியில்தான் செல்கின்றன.

ஒட்டுக்கேட்பவனைக் குறியாக்கம் தடுத்துவிடும். ஆள்மாறாட்டக்காரனைத் தடுப்பது குறியாக்கமல்ல, ஒவ்வொரு சர்வருக்கும் உரிய அடையாளச் சாவியைச் சரிபார்ப்பது. அதை அணைத்துவிட்டு எஸ்எஸ்எச்சை நம்புவது, உறைக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டு, தெருவில் முதலில் கை நீட்டியவரிடம் கொடுப்பது போன்றது.

அந்த வரி ஸ்கிரிப்டுக்குள் எப்படி வருகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. ஒரு சர்வருடன் முதன்முறை இணையும்போது, "இதன் அடையாளம் உறுதிப்படவில்லை, தொடரலாமா?" என்று எஸ்எஸ்எச் கேட்கும். திரைமுன் ஆள் இருந்தால் பதில் சொல்வார். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் இரவு 2 மணிக்கு ஓட்டும் ஸ்கிரிப்டில் பதில் சொல்ல யாருமில்லை, வேலை நின்றுவிடுகிறது. காலையில் மேலாளர் கேட்கிறார். இணையத்தில் தேடினால் இந்த 'நோ' கிடைக்கிறது. ஒட்டினால் வேலை நடக்கிறது. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தக் கோப்பை யாரும் திறப்பதில்லை. பார்த்த சர்வர்களின் சாவிகளைச் சேமிக்கும் கோப்பையும், எதையும் சேமிக்காத வெற்றுச் சாதனத்துக்குத் திருப்பிவிட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். சாவி மாறிவிட்டது என்ற எச்சரிக்கைகூட அப்போது வராது. ஒவ்வோர் இரவும் அந்தச் சர்வர் புதிய சர்வர்தான்.

விளைவைத் தெளிவாகச் சொல்கிறேன். நடுவில் ஒருவன் புகுந்து "நான்தான் உங்கள் சர்வர்" என்றால், கடவுச்சொல்லால் நுழையும் ஸ்கிரிப்ட் அந்தக் கடவுச்சொல்லையே அவனிடம் கொடுத்துவிடக்கூடும். கடவுச்சொல்லுக்குப் பதில் தன்னிடமுள்ள ரகசியத் தனிச் சாவிக் கோப்பால் நுழைந்தால் சாவி அவனிடம் போகாது; ஆனால் அவன் "சரி, உள்ளே வா" என்று சொல்லிக் கோப்புகளை வாங்கிக்கொள்ளலாம். ஸ்கிரிப்டும் வெற்றி என்றே பதிவு எழுதும். இதற்குக் கைதேர்ந்த தாக்குதல்காரன்கூடத் தேவையில்லை. நீங்கள் விட்டுவிட்ட வாடகைச் சர்வரின் ஐபி முகவரி நாளை வேறொருவருக்குப் போகும். பழைய ஸ்கிரிப்டை நிறுத்த மறந்திருந்தால், அது முன்பின் தெரியாதவரின் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கும்.

சரியான வழி கடினமல்ல. சர்வரை அமைக்கும் நாளில், அந்தச் சர்வரின் திரையிலிருந்தே அல்லது வாடகை நிறுவனத்தின் கன்சோல் வழியாக, அடையாளச் சாவியின் கைரேகையை, அதாவது அதன் சுருக்க வடிவத்தை, எடுத்துவிடுங்கள். ஷா256 என்று தொடங்கி 43 எழுத்துகள் வரும். ஸ்கிரிப்ட் ஓடும் கணினியிலிருந்து ஒருமுறை கையால் இணைந்து, திரையில் தோன்றும் கைரேகையுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கடைசி நான்கு எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு 'யெஸ்' அடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து முழுவதையும் பாருங்கள். ஸ்கிரிப்ட் எந்தப் பயனர் கணக்கில் ஓடுமோ அந்தக் கணக்கிலிருந்தே இதைச் செய்ய வேண்டும், இல்லையென்றால் இரவில் மறுபடி கேள்வி வரும். பிறகு சரிபார்ப்பை 'யெஸ்' ஆக்குங்கள். ஆளில்லாமல் ஓடும் வேலைகளுக்கான பேட்ச் மோடையும் 'யெஸ்' ஆக்கினால், சந்தேகம் வந்தால் ஸ்கிரிப்ட் கேள்வி கேட்டுத் தொங்கிக்கொண்டிருக்காது, பிழையோடு நின்றுவிடும்.

சர்வரிடமே அதன் சாவியைக் கேட்டு வாங்கும் எஸ்எஸ்எச் கீஸ்கேன் கட்டளையை ஸ்கிரிப்டிலேயே சேர்த்து, ஒவ்வொரு முறையும் சாவியைப் புதிதாக வாங்குவது சரிபார்ப்பு ஆகாது. வந்தவரிடமே அவர் யார் என்று கேட்டு அப்படியே நம்புவதுதான் அது.

சாவி நியாயமாகவும் மாறலாம். 2023 மார்ச் 24 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ வகை அடையாளச் சாவியை மாற்றியது. அதன் ரகசியப் பாதியான தனிச் சாவி, எவரும் பார்க்கக்கூடிய ஒரு நிரல் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளிப்பட்டுவிட்டது காரணம். உலகெங்கும் பல தானியங்கி வேலைகள் எச்சரிக்கையோடு நின்றன. அறிவிக்கப்பட்ட புதிய கைரேகையை ஒப்பிட்டுச் சேர்த்தவர்கள் சில நிமிடங்களில் மீண்டார்கள். சரிபார்ப்பை அணைத்து வைத்திருந்தவர்களின் ஸ்கிரிப்டுகளோ அன்றும் நிற்காமல் ஓடியிருக்கும்.

இனி உங்கள் பக்கத்துச் சாவி. கிரானில் ஓடும் ஸ்கிரிப்டின் தனிச் சாவிக்குப் பெரும்பாலும் அதைப் பூட்டிவைக்கும் கடவுத்தொடர் இருக்காது. அந்தக் கோப்பு கையில் கிடைத்தவர் சர்வருக்குள் நுழையலாம். ஆகவே அந்தச் சாவியால் செய்யக்கூடியதைச் சுருக்க வேண்டும். இந்த வேலைக்கென்றே தனியாக ஒரு பயனர், தனியாக ஒரு சாவி. சர்வரின் அனுமதிப் பட்டியலில் அந்தச் சாவியின் வரிக்கு முன்னால் 'ரெஸ்ட்ரிக்ட்' என்று எழுதி, எந்த முகவரியிலிருந்து வரலாம் என்றும் குறிப்பிடுங்கள். எஸ்எஃப்டிபி மட்டும் போதுமென்றால், கட்டளைகள் இட உதவும் ஷெல்லே கொடுக்காதீர்கள். ஒரே அடைவுக்குள் அடைத்துவிடுங்கள். எல்லா உரிமையும் உள்ள ரூட் கணக்கின் சாவியைக் கோப்பு அனுப்பப் பயன்படுத்துவதை எந்தக் காரணத்துக்காகவும் என்னால் ஏற்க முடியாது.

காப்புப் பிரதி என்றால், முடிந்தவரை காப்புச் சர்வரே வந்து எடுத்துக்கொள்ளட்டும், அதுவும் படிக்க மட்டும் உரிமையோடு. அலுவலகக் கணினியில் காப்புச் சர்வரின் எழுதும் சாவி இருந்தால், பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் அங்கே புகுந்த இரவில் காப்பையும் சேர்த்து அழித்துவிடும்.

கோப்பைத் தற்காலிகப் பெயரில் அனுப்பி, முழுதும் போன பிறகு உரிய பெயருக்கு மாற்றுங்கள். ஸ்கிரிப்ட் திருப்பித் தரும் நிலைக் குறியைப் பாருங்கள்; பூஜ்யம் இல்லையென்றால், அதாவது ஏதோ தவறியிருந்தால், ஒருவருக்கு மின்னஞ்சல் போகட்டும். மூலத்தில் இல்லாததை மறுமுனையிலும் அழிக்கும் 'டெலீட்'டை ஆர்சிங்கில் சேர்ப்பதற்கு முன் ஒருமுறை ஒத்திகை ஓட்டிப் பாருங்கள். மூல அடைவு காலியாக இருந்த இரவில் மறுமுனையும் காலியாகிவிடும்.

இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. நோயாளிகளின் அறிக்கைகளை அனுப்பும் பரிசோதனை நிலையத்துக்கும் இது பொருந்தும்.

இன்று ஒரு வேலையை மட்டும் செய்யுங்கள். உங்கள் ஸ்கிரிப்டுகள் இருக்கும் அடைவுகளிலும் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்புகளிலும் அந்த அமைப்பின் பெயரைத் தேடுங்கள். 'நோ' என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம், அது எந்தச் சர்வருக்குப் போகிறது, அந்தச் சர்வர் இன்றும் உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள்.