புல்லும் உலர்புல்லும் தின்னும் குதிரைக்கு எந்தச் சத்து குறைகிறது?

குதிரையின் உடல் புல்லை நம்பியே அமைந்தது. புல்லின் நாரைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் நொதிக்க வைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குதிரைக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி அதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. பி வைட்டமின்களையும் கே வைட்டமினையும் அதே நுண்ணுயிரிகள் தயாரிக்கின்றன. சி வைட்டமினைக் கல்லீரல் தானே செய்துகொள்கிறது. கடும் வேலை இல்லாத குதிரைக்கு நல்ல புல் வயிறாரக் கிடைத்தால் ஆற்றலும் புரதமும் குறைவது அபூர்வம். குறைவதெல்லாம் பெரும்பாலும் மில்லிகிராமில் அளக்கும் சங்கதிகள்தான். எது குறைகிறது என்று பார்க்காமல் டப்பா டப்பாவாக வாங்கிப் போட்டால் பணமும் போகும், குதிரைக்கும் கெடுதல்.

முதலில் எடை தெரிய வேண்டும். எடைமேடை இல்லாவிட்டால் நாடா போதும். முன்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவு, தோள்முனையிலிருந்து பிட்ட முனைவரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் வரும். சுற்றளவு 188, நீளம் 168 என்றால் 500 கிலோ. இந்த எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 சதவீதம், அதாவது ஈரம் நீக்கிய கணக்கில் 10 கிலோ தின்னும். உலர்புல்லாக நிறுத்தால் சுமார் 11 கிலோ. புல்லைத் தொங்கு தராசில் நிறுத்துப் போடுங்கள்; கட்டுக்குக் கட்டு எடை மாறும் என்பதால் கண்ணளவு இங்கே உதவாது.

இனி ஒரு கணக்கு. ஆய்வுக்கு அனுப்பிய உலர்புல்லில், ஈரம் நீக்கிய கணக்கில், கிலோவுக்குத் தாமிரம் 7 மி.கி., துத்தநாகம் 20 மி.கி., இரும்பு 200 மி.கி. இருப்பதாக வைத்துக்கொள்வோம். புல்லில் வழக்கமாகக் காணும் அளவுகள்தான் இவை. 10 கிலோவுக்குத் தாமிரம் 70, துத்தநாகம் 200, இரும்பு 2,000 மி.கி. ஆகிறது. அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 2007 அட்டவணைப்படி, வேலை இல்லாத 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்குத் தேவை தாமிரம் 100, துத்தநாகம் 400, இரும்பு 400 மி.கி. இரும்பு ஐந்து மடங்கு வந்து குவிகிறது. தாமிரத்தில் 30, துத்தநாகத்தில் 200 மி.கி. பற்றாக்குறை. குளம்பு எளிதில் பிளப்பதற்கும், மயிர் நிறம் மங்குவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்தக் குதிரைக்குத்தான் பலரும் 'ரத்தம் ஊற' இரும்பு டானிக் ஊற்றுகிறார்கள். நாள்பட்ட ரத்தக்கசிவு இல்லாத குதிரைக்கு இரும்புக் குறைவால் சோகை வருவது மிக மிக அரிது. கூடுதல் இரும்பை வெளியேற்ற உடலுக்குச் சரியான வழியும் இல்லை. அது கல்லீரலில் தங்கிவிடும். ஆகவே வாங்கும் தாதுக் கலவையில் இரும்பு சேர்க்காததாகப் பார்ப்பதே சரி. துத்தநாகம் தாமிரத்தைப்போல் மூன்று முதல் நான்கு மடங்கு இருக்கட்டும். 30 மி.கி. தாமிரத்துக்குத் தாமிர சல்பேட் 120 மி.கி. போதும். அவ்வளவு சிறிய அளவை வீட்டுத் தராசு காட்டாது. தயார்க் கலவை வாங்குவதே பாதுகாப்பு.

பெரும்பாலான புல்லில் போதிய அளவு இல்லாதது சோடியம். நாளொன்றுக்குத் தேவை 10 கிராம். 25 கிராம் சாதாரண உப்பில் அது கிடைத்துவிடும். வியர்வை கொட்டும் வேலை இருந்தால் இன்னும் கூட்ட வேண்டும், ஏனென்றால் குதிரையின் வியர்வை அதன் ரத்தத்தைவிட உப்புச் செறிந்தது. உப்புக்கட்டியை மட்டும் நம்ப வேண்டாம். மாட்டின் நாக்கு சொரசொரப்பானது, குதிரையின் நாக்கு வழுவழுப்பானது. பல குதிரைகள் போதுமான அளவு நக்குவதில்லை. தூளாகத் தீவனத்தில் கலந்து, பக்கத்தில் எப்போதும் நல்ல தண்ணீர் வையுங்கள்.

பச்சைப் புல் மேயும் குதிரைக்கு ஈ வைட்டமின் தாராளம். அறுத்து வெயிலில் காய்ந்ததுமே அதில் பெரும்பகுதி அழிகிறது, அடுக்கி வைத்த பின்னும் குறைந்துகொண்டே போகிறது. மேய்ச்சலே இல்லாமல் உலர்புல்லில் வளரும் குதிரைக்கு நாளுக்கு 1,000 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) அளவில் கொடுப்பது வழக்கம். அதில் இயற்கை வடிவம் செயற்கையைவிட உடலில் நன்றாகச் சேரும். கொழுப்பில் கரைவது என்பதால் ஒரு கரண்டி எண்ணெயுடன் கொடுக்கலாம். நீண்ட காலம் கிடைக்காவிட்டால் நரம்பும் தசையும் நலிந்து, குதிரை நிற்கும்போதே நடுங்கும். ஒமேகா-3 கொழுப்பும் காயும்போது குறையும்; 100 கிராம் ஆளி விதையை அன்றன்று பொடித்துச் சேர்த்தால் ஈடாகும்.

ஈ வைட்டமினோடு ஒரே டப்பாவில் வருவது செலினியம். இங்கேதான் கை நிதானமாக இருக்க வேண்டும். 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு வேண்டியது 1 மி.கி. மட்டும். நாள்தோறும் மிஞ்சினால் பிடரியும் வாலும் உதிரும், குளம்பின் மேல்விளிம்பில் வெடிப்பு விழும். 2009 ஏப்ரலில் ஃபுளோரிடாவில் 21 போலோ குதிரைகள் இறந்தன. அவற்றுக்குப் போட்ட சத்து ஊசி மருந்தில் செலினியம் அளவு தவறிப்போயிருந்தது. இரண்டு மூன்று சத்துப்பொடிகள் கொடுப்பவர்கள் ஒவ்வொன்றின் லேபிளிலும் உள்ள செலினியத்தைக் கூட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

தவிடு இன்னொரு கண்ணி. கிலோ கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் சுமார் 11 கிராம், கால்சியம் ஒரு கிராம் சொச்சம். 35 கிராம் கால்சியமும் 25 கிராம் பாஸ்பரஸும் தரும் உலர்புல்லோடு 2 கிலோ தவிடு சேர்த்தால் கால்சியம் 37, பாஸ்பரஸ் 47 என்று தலைகீழாகிறது. கால்சியம் எப்போதும் மேலோங்கியே இருக்க வேண்டும். ஒன்றரை மடங்கு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தைக் கரைத்து எடுக்கும். முகத்து எலும்பில் நார்த்திசு நிறைந்து முகம் வீங்கும், காரணம் புரியாத நொண்டல் வரும். செட்டாரியா, கிகுயு, பஃபெல் போன்ற வெப்பமண்டலப் புற்களில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டு இதே நோயைத் தரும். இந்தப் புற்களைத் தின்னும் குதிரைக்குத் தவிடே வேண்டாம், தீவனத் தரச் சுண்ணாம்புக்கல் பொடி வேண்டும்.

மாட்டுக்கான தாதுக் கலவையைக் குதிரைக்கு வைக்கவே கூடாது. சிலவற்றில் மோனென்சின் சேர்ப்பதுண்டு. மாட்டுக்குப் பயன்படும் அந்த மருந்து குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும்.

பொடியை உலர்ந்த தீவனத்தில் தூவினால் தொட்டியின் அடியில் தங்கிவிடும். ஊறவைத்த தீவனத்தில் பிசைந்து கொடுங்கள். கால் பங்கில் தொடங்கிப் பத்து நாளில் முழு அளவுக்குப் போனால் குதிரை முகம் திருப்பாது. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மி.மீ. வரைதான் வளரும், ஆகவே குளம்புக்காகப் பயோட்டின் என்ற பி வைட்டமினை நாளுக்கு 20 மி.கி. தொடங்கியவர்கள் ஒன்பது மாதமாவது விடாமல் கொடுத்த பிறகே பலனைப் பற்றிப் பேச முடியும். புல் ஆய்வுக்கு ஒரே கட்டிலிருந்து பிடுங்காமல், 15, 20 கட்டுகளின் நடுவிலிருந்து துளைக்குழாயால் எடுத்துக் கலந்து அனுப்புங்கள். வேறு வயலிலிருந்து புதுச் சரக்கு இறங்கினால் பழைய கணக்கு செல்லாது.