பிளகின் அப்டேட் ஆகும்போது ஆக்டிவேஷன் ஹூக் ஓடாது

மறுபடியும் அதே கேஸ். ஒரு மளிகைக் கடையின் வேர்ட்பிரஸ் தளம், டெலிவரி நேரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு பிளகின் (தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்). இரவோடு இரவாக அது தானே அப்டேட் ஆகிவிட்டது. காலையிலிருந்து ஒரு ஆர்டர்கூட விழவில்லை. புதுப் பதிப்பின் கோட் டேட்டாபேஸில் ஒரு புதிய ஃபீல்டைத் தேடுகிறது, டேபிளில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. எழுதியவரைக் கேட்டால், "டீஆக்டிவேட் பண்ணி மறுபடி ஆக்டிவேட் பண்ணச் சொல்லுங்க, சரியாயிடும்" என்கிறார். ஆமாம், சரியாகிவிடும். ஆனால் அந்தக் கடைக்காரருக்கு இதை யார் போய்ச் சொல்வது?

பிளகின் எழுதும் நண்பர்களே, அப்டேட் ஆகும்போது ஆக்டிவேஷன் ஹூக், அதாவது ஆக்டிவேட் செய்யும்போது வேர்ட்பிரஸ் கூப்பிடும் உங்கள் கோட், ஓடாது. 2011-இல் வந்த வேர்ட்பிரஸ் 3.1-இலிருந்தே இப்படித்தான். பயனர் "ஆக்டிவேட்" என்பதை அழுத்தினால் மட்டும் அது ஓடும். அப்டேட்டில் நடப்பது வேறு: பழைய ஃபோல்டர் போய்ப் புதிய ஃபோல்டர் வருகிறது, பிளகின் ஆக்டிவாகவே இருக்கிறது. உங்கள் டேபிளை மாற்றும் கோடை அங்கே யாரும் கூப்பிடுவதில்லை.

"என் கம்ப்யூட்டரில் ஓடியதே" என்பவர்கள் எப்படிச் சோதித்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பழையதை நீக்கி, புதிய ஜிப்பை ஏற்றி, ஆக்டிவேட் அழுத்தியிருப்பார்கள். அது புதிதாக நிறுவுவது. உங்கள் பிளகினை ஏற்கனவே வைத்திருக்கும் ஒருவர்கூட அந்த வழியில் புதுப் பதிப்புக்கு வரப்போவதில்லை.

வழி எளிது. டேட்டாபேஸ் அமைப்புக்கென்று ஒரு பதிப்பு எண்ணை, வேர்ட்பிரஸ் செட்டிங்ஸைச் சேமிக்கும் ஆப்ஷன்ஸ் டேபிளில் சேமித்து வையுங்கள். பிளகின் லோடு ஆகும்போது அதைக் கோடில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் மாற்றத்தைச் செய்து, அது முடிந்த பிறகு எண்ணை உயர்த்துங்கள். எல்லாரும் ஒவ்வொரு பதிப்பாக ஏறி வரமாட்டார்கள், 1.2-இல் இருந்து நேராக 2.0-க்குத் தாவுகிறவர் கட்டாயம் இருப்பார். அதனால் படிகளை வரிசையாக எழுதுங்கள், இரண்டு முறை ஓடினாலும் கெடாதபடி எழுதுங்கள். அப்டேட் முடிந்ததும் ஓடும் ஹூக்கில் வைக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். அந்த நேரத்தில் நினைவகத்தில் இருப்பது பழைய பதிப்பின் கோட். தவிர, கோப்புகளை எஃப்டிபி வழியாக நேரடியாகச் சர்வரில் மாற்றுபவர்களிடம் அது ஓடவே ஓடாது.

வேர்ட்பிரஸ் 6.6-இல் தானியங்கி அப்டேட்டுக்கு ரோல்பேக் (பழுதானால் பழைய பதிப்புக்கே திரும்புவது) வந்துவிட்டதே என்றும் சமாதானம் சொல்கிறார்கள். அது பார்ப்பது பிஎச்பி ஃபேட்டல் எரரை, அதாவது கோட் ஓடாமலே நின்றுபோகும் பிழையை, மட்டும். ஆர்டர் சேமிக்கப்படாமல் போவது அதன் கண்ணில் படாது.

ஃபோல்டர் பற்றியும் ஒன்று. பயனர் ஏற்றிய படங்கள், லாக், செட்டிங்ஸ் எதையும் பிளகின் ஃபோல்டருக்குள் எழுதாதீர்கள். அப்டேட்டில் அந்த ஃபோல்டர் முழுதாக அழிகிறது. அப்லோட்ஸ் ஃபோல்டர் இருப்பது அதற்குத்தான். அப்புறம், முதன்மைக் கோப்பின் பெயரை அழகுக்காக மாற்றாதீர்கள். வேர்ட்பிரஸ் உங்கள் பிளகினை நினைவில் வைத்திருப்பது ஃபோல்டர் பெயரையும் அந்தக் கோப்புப் பெயரையும் சேர்த்துத்தான். மாற்றினால் பிளகின் தளத்தில் சத்தமில்லாமல் டீஆக்டிவேட் ஆகிவிடும்.

வெளியீட்டு வேலையில் நடக்கும் குளறுபடிகளில் பாதி பதிப்பு எண்ணில்தான். முதன்மைக் கோப்பின் தலைப்பில் உள்ள எண், எஸ்விஎன்னில் (பிளகினை வெளியிட வேர்ட்பிரஸ்.ஆர்க் தரும் கோட் களஞ்சியம்) டேக்ஸுக்குள் அந்த வெளியீட்டுக்கான ஃபோல்டரின் பெயர், ட்ரங்க் என்ற முதன்மை ஃபோல்டரில் உள்ள ரீட்மீ கோப்பின் ஸ்டேபிள் டேக் (எந்தப் பதிப்பைப் பயனருக்குக் கொடுப்பது என்று சொல்லும் வரி), மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டேபிள் டேக்கை மாற்றாமல் ட்ரங்க்கில் மட்டும் கோடைப் போட்டுவிட்டு "யாருக்கும் அப்டேட் போகவில்லை" என்று புலம்புவதில் பயனில்லை. வெளியிட்ட டேக்குக்குள் புகுந்து ரகசியமாகத் திருத்தவும் கூடாது. ஏற்கனவே வாங்கியவர்களிடம் அதே எண் இருப்பதால் திருத்தம் அவர்களுக்குப் போகாது. ஒரே எண்ணில் இரண்டு விதமான கோட் உலவும். அப்படிப்பட்ட தளத்தில் பிழையைத் தேடுவது எவ்வளவு கொடுமை என்பது எங்களைப் போன்ற பராமரிப்புக்காரர்களுக்குத்தான் தெரியும்.

கடவுச்சொல் விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். 2024 ஜூனில் சில பிளகின்களின் அப்டேட்டிலேயே தீங்கான கோட் போனது. வேறு எங்கோ கசிந்த கடவுச்சொல்லையே அந்த ஆசிரியர்கள் வேர்ட்பிரஸ்.ஆர்க் கணக்குக்கும் வைத்திருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பிளகின் ஆசிரியர்களுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயமானது, எஸ்விஎன்னுக்குத் தனிக் கடவுச்சொல்லும் வந்தது. கமிட் உரிமை (களஞ்சியத்தில் கோடை மாற்றும் உரிமை) கொடுத்து வைத்திருக்கும் பழைய கூட்டாளிகளின் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். வேலையை விட்டுப் போனவருக்கு அந்த உரிமை எதற்கு?

சோதிப்பதற்கு, இப்போது பொதுவில் இருக்கும் பதிப்பை ஒரு காலித் தளத்தில் நிறுவி, ஆர்டர், செட்டிங்ஸ் என்று உண்மையான தரவுகளை நிரப்புங்கள். டீஆக்டிவேட் செய்யாமலே புதிய ஜிப்பை ஏற்றிப் பழையதை மாற்றிவிட்டு, ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள்.

ஏற்கனவே ஹூக்கை நம்பி ஒரு பதிப்பை வெளியிட்டிருக்கிறீர்களா? பயனரை ஆக்டிவேட் பட்டனைத் தட்டச் சொல்லி மெயில் அனுப்பாதீர்கள். அந்தப் பதிப்பு எண் சோதனையைச் சேர்த்து, எண்ணை ஒன்று உயர்த்தி, இன்றே வெளியிடுங்கள். தளங்கள் வழக்கமாக ஒரு நாளைக்கு இருமுறை அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கும். தானியங்கி அப்டேட் வைத்திருக்கும் கடைகளாவது நாளைக்குள் பிழைத்துக்கொள்ளும்.