அனோரெக்சியா நெர்வோசா: பசி இல்லாத நோயா?

எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உண்ணாமல் மெலிந்துபோகும் மனநோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர். அந்தப் பெயரைக் கண்டதுமே கண்ணை மூடிக்கொண்டு 'பசியின்மை நோய்' என்று எழுதிவிடுகிறார்கள். இதழ்களின் மருத்துவப் பக்கம், மொழிபெயர்த்த துண்டறிக்கை, எங்கும் இதே கதைதான்.

கிரேக்கத்தில் 'அன்' என்றால் இன்மை, 'ஒரெக்சிஸ்' என்றால் நாட்டம், பசி. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873இல் இப்பெயரை வைத்தார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பசியின்மை சரிதான். ஆனால் கோளாறு மூலப் பெயரிலேயே இருக்கிறது. அதையும் சேர்த்துப் பெயர்க்க நமக்கென்ன தலையெழுத்து?

பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் இரைப்பையில் சுரக்கிறது. இருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் கொழுப்புத் திசுவிலிருந்து வருகிறது. இந்நோயாளிகளிடம் பொதுவாகக் கிரெலின் ஏறியிருக்கும், லெப்டின் அடிமட்டத்தில் கிடக்கும். எடை தேறத் தேற இரண்டும் பழைய நிலையை நோக்கித் திரும்பும். உடம்பு சோறு கேட்டுக் கத்துகிறது. நோயாளியோ ஒரு இட்லியைப் பதினாறு துண்டாக்கி அரைமணி நேரம் தட்டில் நகர்த்துகிறார். சமையல் குறிப்புகளைச் சேர்க்கிறார். பிறருக்கு வக்கணையாகச் சமைத்தும் போடுகிறார். இதற்குப் பெயர் பசியின்மையா? அப்படி எழுதுவதைப் படிக்கும் வீட்டார் பசி டானிக் வாங்கத்தான் ஓடுவார்கள்.

புற்றுநோயிலும் காசநோயிலும் மஞ்சள்காமாலையிலும் வரும் வெறும் அனோரெக்சியாவுக்குப் 'பசியின்மை' பொருந்தும். உணவில் விருப்பமின்மையைக் குறிக்கும் சித்த மருத்துவத்தின் 'அரோசகம்' கூட அந்தப் பக்கம்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் நோய்க்குறிப்பில் எது எது என்று யாருக்கும் விளங்காது.

'உணவு மறுப்பு நோய்' என்போர் பாதித் தூரம் வந்திருக்கிறார்கள். ஆனால் மறுப்பு என்றதும் பிடிவாதம், உண்ணாவிரதப் பந்தல் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கமே 2013 கையேட்டில், வேண்டுமென்றே செய்வதாகத் தொனிக்கும் 'மறுத்தல்' என்ற சொல்லை நோயின் வரையறையிலிருந்து எடுத்துவிட்டது. அவர்கள் தூக்கிப் போட்டதை நாம் ஏன் புதிதாகப் பொறுக்க வேண்டும்? என் தேர்வு 'எடையச்ச உண்ணாமை'. காரணமும் செயலும் இதில் உண்டு. பசியைப் பற்றிப் பொய் இல்லை. நீளம் என்பார்கள். சிலர் எழுதும் 'பசியற்ற உளநோய்' மட்டும் என்ன குட்டையா?

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் இந்நோயில் 'அறிவுத்திறன் குன்றும்' என்றும் எழுதுகிறார்கள். நோயாளிகளின் நுண்ணறிவு எண் பெரும்பாலும் சராசரியிலோ அதற்கு மேலோதான் இருக்கும். சிக்கல் வேறு. விஸ்கான்சின் சீட்டுச் சோதனையில், நிறமும் வடிவமும் வேறுபடும் சீட்டுகளை எந்த விதிப்படி அடுக்குவது என்று சொல்லமாட்டார்கள். வைத்தது 'சரி', 'தவறு' என்று மட்டும் சொல்வார்கள். முதல் விதி நிறம். தொடர்ந்து 10 முறை சரியாக வைத்ததும் விதி சத்தமில்லாமல் வடிவத்துக்கு மாறும். 'தவறு' என்று சொன்ன பிறகும் இந்நோயாளிகளில் பலர் நிறத்தையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். விதி மாறியதும் தானும் மாறிக்கொள்ளும் இத்திறனை 'மனமாற்றத் திறன்' என்று பெயர்த்தவரும் உண்டு. மனமாற்றம் கட்சி தாவுகிறவருக்கு வருவது. இங்கே குறைவது தடம் மாற்றும் திறன்.