பிறந்த பூனைக்குட்டிக்குப் பாலுக்கு முன்னால் வேண்டியது சூடு

சில வாரங்களுக்கு முன் ஒருவர் செருப்புப் பெட்டியில் துணி சுற்றி ஒரு பூனைக்குட்டியைக் கொண்டுவந்தார். பிறந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது, தொப்புள்கொடி இன்னும் ஈரமாகவே இருந்தது. "ராத்திரியிலேர்ந்து ஃபில்லர்ல பால் விட்டுக்கிட்டே இருக்கேன் டாக்டர், குடிக்கவே மாட்டேங்குது" என்றார். குட்டியைக் கையில் வாங்கினேன், உடம்பு சில்லிட்டிருந்தது. வாய்க்குள் சுண்டுவிரல் நுனியை வைத்தேன், அங்கேயும் சில்லென்றுதான் இருந்தது. மூக்கின் ஓரத்தில் ஒரு சொட்டுப் பால் சின்னக் குமிழாக நின்று, மூச்சு விடும்போதெல்லாம் அசைந்தது. பால் மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் குட்டியைக் காப்பாற்ற முடியவில்லை. கொண்டுவந்தவர் விடிய விடியக் கண் மூடாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் இதை யாரும் முன்பே சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது. முதலில் சூடு, அப்புறம்தான் பால்.

பிறந்த குட்டிக்கு நடுங்கத் தெரியாது, தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளவும் முடியாது. முதல் வாரத்தில் அதன் இயல்பான சூடே 35-லிருந்து 37 டிகிரி செல்சியஸ்தான், பெரிய பூனையைவிடக் குறைவு. 35-க்குக் கீழே இறங்கினால் குடல் வேலை செய்வதைக் குறைத்துவிடும், உறிஞ்சும் தெம்பும் விழுங்கும் தெம்பும் போய்விடும். அந்த நேரத்தில் உள்ளே போகும் பால் செரிக்காமல் வயிற்றிலேயே கிடக்கும், இல்லையென்றால் நுரையீரலுக்குப் போகும். அதனால் குட்டி சில்லென்று இருந்தால் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், அல்லது வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் மெதுவாகச் சூடேறினால் போதும். வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையரை நேராகப் பிடிப்பது இதெல்லாம் வேண்டாம், சட்டென்று ஏறும் சூடும் அதைக் கொன்றுவிடும். வாய்க்குள் விரல் வைத்தால் இதமாக இருக்கிறது, முனகித் தலையை ஆட்டித் தேடுகிறது என்றால் அப்போது பால் கொடுக்கலாம்.

சரி, பிரசவத்துக்கு வருகிறேன். பூனைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63-லிருந்து 65 நாள், இரண்டு மூன்று நாள் முன்பின் ஆகலாம். கடைசி வாரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். எத்தனை குட்டி என்று தெரிந்திருந்தால் நள்ளிரவில் 'இன்னும் உள்ளே இருக்கிறதா, முடிந்துவிட்டதா' என்று தவிக்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக்கு, குட்டிகளுக்கென்று விற்கும் பூனை உணவையே சினைப்பூனைக்கும் கொடுங்கள், வயிற்றில் இடம் குறைந்துவிடுவதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை. ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் பழைய பருத்தித்துணி விரித்த ஒரு பெட்டி வையுங்கள். அது அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் துணி அலமாரிக்குள் போய்ப் படுத்தால் விட்டுவிடுங்கள், இடத்தைத் தேர்ந்தெடுப்பதை அதனிடமே விடுவதுதான் நல்லது.

நேரம் நெருங்கும்போது சாப்பாட்டை ஒதுக்கும், துணியைப் பிறாண்டும், மூச்சு வாங்கும், சில பூனைகள் வலியிலும் குறுகுறுவென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். இந்தக் கட்டம் அரை நாள்கூட நீளலாம், முதல் பிரசவமென்றால் அதற்கு மேலும் ஆகும். எட்ட உட்கார்ந்து பாருங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்தால் பூனை பயந்து பிரசவத்தையே நிறுத்திவைத்துவிடும், நிஜமாகவே.

முக்க ஆரம்பித்ததும் மணியைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதிப் பிரச்சினை தீரும், ஏனென்றால் என்னை அழைப்பவர்களிடம் "எவ்வளவு நேரமா முக்குது?" என்று கேட்டால் "ரொம்ப நேரமா" என்பதுதான் பதிலாக வருகிறது. நன்றாக முக்கியும் அரை மணி நேரத்துக்குள் குட்டி வரவில்லையென்றால் காத்திருக்காதீர்கள். குட்டி பாதி வெளியே வந்து சிக்கி நின்றாலும், ஒரு குட்டியும் வராமல் கரும்பச்சையாகவோ நாற்றத்துடனோ கசிந்தாலும், ரத்தம் நிற்காமல் வந்தாலும், பூனை துவண்டு படுத்துவிட்டாலும் உடனே கிளம்புங்கள். பின்னங்கால்கள் முதலில் வந்தால் பதற வேண்டாம், பூனைக்கு அது சாதாரணம். இரண்டு குட்டிகளுக்கு நடுவே பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். சில சமயம் பல மணி நேரம் இடைவெளி விட்டு நிம்மதியாகப் பால் கொடுத்து, சாப்பிட்டு, மறுபடி தொடரும். நிம்மதியாக இருக்கிறதா, முக்கி முக்கி ஓய்ந்துபோயிருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். இரண்டு மணி நேரம் தாண்டியும் உள்ளே குட்டி இருப்பது தெரிந்தால் ஒரு தடவை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். எக்காரணம் கொண்டும் வலி வரவைக்கும் ஊசியை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். குட்டி குறுக்கே சிக்கியிருக்கும்போது அதைப் போட்டால் கர்ப்பப்பையே கிழிந்துவிடும்.

பெரும்பாலும் தாயே எல்லாம் பார்த்துக்கொள்ளும், பனிக்குடத்தைக் கிழிக்கும், நக்கும், கொடியைக் கடிக்கும், நஞ்சுக்கொடியைத் தின்னும், தின்னட்டும். ஆனால் குட்டி பையோடு விழுந்து, தாய் ஓரிரு நிமிடம் கண்டுகொள்ளாமல் இருந்தால் உங்கள் கை வேண்டும். முகத்துப் பக்கம் பையைக் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, உலர்ந்த துண்டால் முதுகை நன்றாகவே தேய்த்துவிடுங்கள். தலைகீழாக வீசி ஆட்டும் பழக்கம் ஒன்று இருக்கிறது, மூளைக்குள் ரத்தக்கசிவு வரும், செய்யாதீர்கள். கொடியை வயிற்றிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிச் சுத்தமான நூலால் இறுக்கிக் கட்டி, கட்டுக்கு வெளியே வெட்டுங்கள், இழுத்துவிடாதீர்கள்.

குட்டிகள் எல்லாம் முதல் அரை நாளுக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி அதில்தான் பெரும்பங்கு கிடைக்கிறது, ஒரு நாள் போனால் குடல் அதை உறிஞ்சாது. அப்புறம் சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போது ஒரு குட்டி சுமார் 100 கிராம் இருக்கும், தினமும் 10 கிராமாவது ஏற வேண்டும். பார்வைக்குக் கொழுகொழுவென்று தெரியும் குட்டி தராசில் இரண்டு நாளாக ஏறாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தராசு சொல்லிவிடும்.

தாய் இல்லாத குட்டி என்றால் பசும்பால் வேண்டாம், பூனைப்பாலில் இருக்கும் அளவு புரதமும் கொழுப்பும் அதில் கிடையாது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். குட்டிகளுக்கான பால்பவுடரை இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, ராத்திரியிலும் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைபோல மல்லாத்திப் பிடித்துக் கொடுக்காதீர்கள், தாயிடம் குடிப்பதுபோலக் குப்புறப் படுக்க வைத்து, தலை லேசாக நிமிர்ந்திருக்க, அது உறிஞ்சும் வேகத்துக்கே விடுங்கள். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை வருடிவிட்டால்தான் சிறுநீரும் மலமும் போகும், மூன்று வாரம் வரை தானாகப் போகத் தெரியாது.

தாயை மறந்துவிடாதீர்கள். பால் கொடுக்கும் பூனை திடீரென்று நடுங்கினால், கால்கள் விறைத்துத் தள்ளாடினால் ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கலாம், அந்த மணி நேரமே மருத்துவரிடம் போக வேண்டும். மடி கல்போல இறுகிச் சிவந்திருந்தாலும், காய்ச்சலோடு நாற்றமுள்ள கசிவு இருந்தாலும் அப்படித்தான். காய்ச்சல் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். உண்ணிக்காக நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே.

இன்னொன்று, பால் கொடுக்கிற பூனை சினையாகாது என்று நம்பி வெளியே விட்டுவிடுகிறார்கள். பிரசவமான சில வாரங்களிலேயே அது மறுபடி சினையாகிவிடும். குட்டிகள் எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும், அதுவரை அதை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். பால் வற்றியதும் கருத்தடை அறுவைசிகிச்சைக்குக் கூட்டிவாருங்கள்.